நாற்பத்தாறுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவில்

சின்னண்ணை,

உங்களை நான் வேறு பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இந்த மலரின் முதல் பக்கத்தில் உங்கள் முழுப்பெயர், பிறந்த இடம், படம் எல்லாம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் யாரோ பெரிய மனிதர் மாதிரி இருக்கிறது. ஆண்டுத் திவசத்துக்கு அடிக்கிற மலர், நீயும் ஏதாவது எழுது என்று அண்ணி கேட்டார். மற்றவர்கள் உங்கள் குணங்களை எழுதித் தந்துவிட்டார்கள். எனக்குக் குணம் எழுதத் தெரியாது. ஒரு செவ்வாயில் இருந்து மறு செவ்வாய் வரை ஒரு கிழமை நடந்ததை எழுதுகிறேன். அந்தக் கிழமை தவறியிருந்தால் அண்ணியும் பிள்ளையும் இன்றைக்கு இந்த நாட்டில் இல்லை. அது தவறப் பார்த்ததற்கு நானும் ஒரு காரணம். அதை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டு, இலை கொட்டுகிற காலம். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் அன்ரி குடும்பத்தோடு இருந்தோம். நான் அன்ரியோடு முந்தியே கனடா வந்து, நிரந்தரமாக இருக்கிறதுக்கான லாண்டட் பேப்பரும் எடுத்துவிட்டேன். நீங்கள் பிறகு வந்தீர்கள். அண்ணியையும், அப்போதுதான் நடக்கத் தொடங்கிய பிள்ளையையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விட்டுவிட்டு வந்தீர்கள். முதலில் மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்றில் நாலு பேரோடு இருந்தீர்கள். அகதி விசாரணை முடிந்த கையோடு எங்களிடம் வந்துவிட்டீர்கள். ஆனால் விலாசம் மாற்றிக் கொடுக்க மறந்துபோனீர்கள். "உம்மை அகதியாக ஏற்றுக்கொள்கிறோம்" என்ற கடிதம் அந்த பேஸ்மென்றுக்குப் போய், ரீவிக்கு மேலே விளம்பரத் தாள்களோடு வாரக்கணக்காகக் கிடந்திருக்கிறது. அங்கே இருந்த ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து தந்தார்.

"உமக்குக் காகிதம் வந்து கனநாள் ஐசே. வந்து எடுக்கிறன் எண்டீர், வரேல்லை. முக்கியமான காகிதமோ?"

கதவடியில் நின்றபடியே உறையைக் கிழித்தீர்கள். முதல் தாளை வாசித்ததும் உங்கள் முகம் விரிந்தது. இரண்டாவது தாளில் ஒரு பந்தி. இமிக்கிரேசன் சட்டத்தின் 46.04ஆம் பிரிவின்படி, உமக்கும் உம் குடும்பத்துக்கும் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கென்று வைத்த காலத்துக்குள் செய்ய வேண்டும். எத்தனை நாள் என்று எண் போடவில்லை. கடிதத்தின் திகதியைப் பார்த்தீர்கள். பிறகு சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தீர்கள். முகம் சுருங்கிவிட்டது.

லோயரின் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தீர்கள். அங்கே மொழிபெயர்க்கிற ஒரு தமிழ் அன்ரி எடுத்தா.

"லோயர் லீவிலை தம்பி. அடுத்த மாதம்தான் வருவார்."

"அன்ரி, எத்தினை நாளுக்குள்ளை போடவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ. மனிசி பிள்ளை கொழும்பிலை. அவையளையும் போடலாமோ?"

"உது எல்லாம் திருத்தின சட்டத்திலை வடிவாக் கிடக்கு. எனக்கு மற்ற லைன் அடிக்குது, வைக்கிறன்."

வைத்துவிட்டா. நீங்கள் கடித உறையின் பின்பக்கத்தில் "திருத்தின சட்டம்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டீர்கள். இமிக்கிரேசன் நம்பரை எடுத்தால் எந்த நேரமும் பிசி. கிடைத்தால் பதிந்து வைத்த குரல்தான் ஓடும். ஒன்றை அமத்து, இரண்டை அமத்து. கடைசியில் கட்டாகிவிடும்.

அன்றைக்குப் பின்னேரம் லிஃப்றில் ஒன்பதாம் மாடி அங்கிளைக் கண்டோம். ஊரில் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தவர். அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுத்தவர். நீங்கள் விசயத்தைச் சொன்னீர்கள். அவர் ஒன்பதாம் மாடியில் இறங்காமல் எங்களோடு பதினான்குக்கே வந்தார்.

"தம்பி, மனிசி பிள்ளையின்ரை பேரைப் போட்டீரோ, சரி. கேஸ் இழுபட்டு இழுபட்டு, உம்மடை பிள்ளை கலியாணம் கட்டின பிறகுதான் வந்து இறங்கும். உம்மடை பேரை மட்டும் போடும். லாண்டட்டை எடும். பேந்து ஸ்பொன்சர் பண்ணும்."

"போன மாதம் லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து அவளையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போனது அங்கிள். ஒரு நாள் முழுக்க ஸ்டேசன் வாங்கிலை இருத்தி வைச்சவங்கள். பேந்து எண்டால் எப்ப?"

"நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். எத்தினை போம் நிரப்பின கை இது தெரியுமோ? நீர் இப்பத்தான் வந்தனீர்."

அவர் போன பிறகு நான் சொன்னேன்: "அங்கிள் சொல்லுறதும் சரிபோலத்தான் கிடக்கு."

அண்ணி, இதை அச்சுக்குக் கொடுக்க முன்னம் எழுத்துப்பிழை பார்ப்பது நீங்கள்தான். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது சின்னண்ணை மட்டும். ஒரு வருசம் அவர் இல்லாமல் அன்ரி வீட்டு ஹோலில், சோபாவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவள் நான். அவர் எங்களிடம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நீங்கள் வந்தால் அவர் உங்களோடு தனி வீடு போய்விடுவார் என்று நினைத்தேன். நீங்கள் வரவேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. பிந்தி வந்தால் நல்லது என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவ்வளவும் பெரிய பாவம்தான்.

புதன்கிழமை நான் கோப்பிக் கடை வேலை முடிந்து வந்ததும், சின்னண்ணை, நீங்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

"வா, லைப்ரரிக்குப் போவம். அங்கை சட்டப் புத்தகம் எல்லாம் இருக்குதாம். டிக்சனரியை எடு."

பெரிய லைப்ரரி. நடந்தே போனோம். சட்டப் புத்தகங்கள் ஒரு சுவர் முழுக்க நின்றன. ஒரே மாதிரியான தடித்த புத்தகங்கள், முதுகில் தங்க எழுத்து. அந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, 'ரிவைஸ்' என்ற சொல்லை டிக்சனரியில் தேடினேன். "திருத்து, சரிபார்" என்று இருந்தது. முதுகில் எண்பத்தைந்து என்று வருசமும் போட்டிருந்தது.

"இதுதான் அண்ணை. திருத்தின சட்டம். எண்பத்தஞ்சிலை திருத்தியிருக்கிறாங்கள்."

நான்தான் சொன்னேன். "இதுதான்" என்று.

உங்களுக்கு அந்தப் புத்தகங்கள் பிடித்துவிட்டன. மத்திய அரசாங்கத்தின் சட்டம் எல்லாம் இங்கிலிஷ் பெயர்களின் எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தது. விமானம், வங்கி, குற்றம், மீன்பிடி என்று போய், ஐ எழுத்தில் இமிக்கிரேசன். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும். சட்டம் என்று சொல்லாமல் அத்தியாயம் என்று போட்டிருந்தது. இடது பக்கம் இங்கிலிஷ், வலது பக்கம் பிரெஞ்சு.

"பாத்தியோ, ரெலிபோன் புத்தகம் மாதிரி அடுக்கியிருக்கிறாங்கள். மீனுக்கு ஒரு அத்தியாயம், பாங்குக்கு ஒரு அத்தியாயம், எனக்கு ஒரு அத்தியாயம். முழு நாட்டையும் ஒரே கதையா எழுதின மாதிரி."

"கதையை விட்டிட்டு நாற்பத்தாறை எடுங்கோ."

நாற்பத்தாறு இருந்தது. அதற்குக் கீழே நாற்பத்தேழு. நடுவில் ஒன்றும் இல்லை.

"ரெண்டு தாள் ஒட்டிக்கிடக்கோ பார்."

ஒட்டவில்லை. நீங்கள் எச்சில் தொட்டு முன்னும் பின்னும் புரட்டினீர்கள். பிரெஞ்சுப் பக்கத்திலும் தேடினீர்கள். அங்கேயும் நாற்பத்தாறுக்குப் பிறகு நாற்பத்தேழுதான். கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்கள், அழுக்கோ என்று.

"இல்லாத பிரிவு," என்றீர்கள். குரல் மாறியிருந்தது. "ஆரோ ரைப் அடிக்கேக்கை பிழை விட்டிட்டான். இல்லாத பிரிவிலை நான் விண்ணப்பம் போட்டால், கள்ள விண்ணப்பம் எண்டு தூக்கி எறிவாங்கள். ஏத்துக்கொண்டதும் பிழையோ தெரியாது. வேறை ஆரின்ரையும் காகிதமோ."

மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஊரில் அடையாள அட்டையில் ஒரு எண் அழிந்திருந்ததற்காக உங்களை பஸ்ஸால் இறக்கி, இரண்டு நாள் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் ஒரு எண் பிழைத்தால் என்ன நடக்கும் என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். எனக்கு ஒரு பக்கம் பயம். மறு பக்கம், மிகவும் உள்ளே, ஒரு சின்ன ஆறுதல். அந்தப் பிரிவு இல்லையென்றால் உடனே ஒருவரும் வர ஏலாதுதானே என்று.

நீங்கள் ஒரு முடிவு எடுத்தீர்கள். எண் பிழை, திருத்தி அனுப்புங்கள் என்று அவர்களுக்குக் கடிதம் எழுதுவது. பதில் வந்த பிறகு விண்ணப்பிப்பது. வியாழக்கிழமை முழுக்க அந்தக் கடிதத்தை நான் டிக்சனரியை வைத்து எழுதினேன். மூன்று தரம் கிழித்து எழுதினேன். அதற்குள் நாள் போய்விடுமே என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. பிழையான காகிதத்தோடு போய் நிற்பதைவிட பிந்திப் போவது பரவாயில்லை என்றுதான் எங்கள் இருவருக்கும் பழக்கம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நீங்கள் முத்திரை வாங்கப் போயிருந்தீர்கள். அண்ணி, அப்போது உங்கள் கடிதம் வந்தது. உங்கள் கடிதங்களை எனக்கும் வாசிக்கத் தருவார்தானே என்று நானே உடைத்தேன். பிள்ளை அப்பாவின் படத்துக்குச் சோறு தீத்துகிறாள், கண்ணாடி முழுக்கப் பருப்பு என்று எழுதியிருந்தீர்கள். உறையைத் திருப்பினேன். அனுப்புனர் விலாசம், லொட்ஜின் இலக்கம் 112/6.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்களுக்கெல்லாம் தெரிந்த விசயம். ஒரு ரோட்டில் வீடுகளுக்கு இலக்கம் கொடுத்து முடிந்த பிறகு, நூற்றிப்பன்னிரண்டாம் வளவுக்குள் இன்னொரு வீடு கட்டினால் அதற்கு நூற்றிப்பதின்மூன்று கொடுக்க ஏலாது. அது பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கம். அதனால் கோடு போட்டு ஒன்று, இரண்டு, ஆறு என்று கொடுப்பார்கள். அப்படியென்றால் 46.04 ரைப் பிழை இல்லை. நாற்பத்தாறுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவில் பிறகு கட்டின வீடு. நாங்கள் பார்த்த புத்தகம் அந்த வீடு கட்ட முந்தி அடித்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நீங்கள் முத்திரையோடு வந்தீர்கள், சின்னண்ணை. அண்ணியின் கடிதத்தை வாசித்தீர்கள், குசினிக்குள் போய் முகம் கழுவினீர்கள். நான் வாய் திறக்கவில்லை. பின்னேரம் முழுக்கத் திறக்கவில்லை. சாப்பிடும்போதும் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு நாளில் என்ன வந்துவிடும் என்று. ஒரு நாளில் எல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை எனக்கு மத்தியானம் வரை வேலை. கோப்பி ஊற்றிக் கொடுத்தபடி அந்தப் படத்தையும் பருப்பையும்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். வேலை முடிய ஓடி வந்தேன். நீங்கள் கடிதத்தைப் போடக் கோட்டும் மாட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"அண்ணை, அதைப் போடாதேங்கோ. அது பிழை இல்லை. பின்வளவிலை கட்டின வீடு."

"என்னடி அலட்டுறாய்?"

சொன்னேன். நீங்கள் உறையைக் கோட்டுப் பையில் செருகினீர்கள்.

"இவளின்ரை காகிதம் நேற்றெல்லோ வந்தது. அப்ப ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

"இப்பத்தான் யோசிச்சனான்."

பொய் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள்.

லைப்ரரிக்கு ஓடினோம். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். நாங்கள் போகும்போது மூன்றரை. இந்த முறை வெட்கத்தை விட்டு, மேசையில் இருந்த பெண்ணிடம் போனோம். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தா. எங்கள் கடிதத்தையும் டிக்சனரியையும் பார்த்தா. ஒன்றும் கேட்காமல் எழும்பி வந்தா. அதே அலுமாரி. நாங்கள் புதன்கிழமை நின்ற அதே இடம். அந்தத் தடித்த புத்தகங்களின் கடைசியில், அதே மாதிரி இன்னும் சில புத்தகங்கள் நின்றன. அட்டவணையாக்கும் என்று நாங்கள் தொடாமல் விட்டவை. நாலாவது இணைப்பு என்று போட்ட ஒன்றை எடுத்து, அதில் ஒரு அத்தியாயத்தைத் திறந்து மேசையில் வைத்தா. நாற்பத்தாறாம் பிரிவுக்குப் பின்னால் இவற்றைச் சேர்த்து இந்தச் சட்டம் இப்படியாக ஏதோ செய்யப்படுகிறது என்று இருந்தது. அந்த "ஏதோ"வை டிக்சனரியில் தேடினேன். 'அமெண்ட்', வேறு எழுத்தில் தொடங்குகிற வேறு சொல். பக்கத்தில் தமிழில்: "திருத்து."

நான் இரண்டு பக்கத்திலும் விரலை வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கும் திருத்து, இந்தச் சொல்லுக்கும் திருத்து.

அந்தப் பெண் மெல்ல மெல்ல விளக்கப்படுத்தினா. எப்போதோ ஒருமுறை, எல்லாச் சட்டத்தையும் ஒன்றாக எடுத்து, அதுவரை செய்த மாற்றங்களை அந்தந்த இடத்தில் சேர்த்து, செத்துப்போனதைக் கழித்து, முதலில் இருந்து இலக்கம் போட்டுப் புதிதாக அடிப்பார்களாம். அதுதான் எண்பத்தைந்துப் புத்தகம். அதற்குப் பிறகு வருகிற மாற்றம் ஒவ்வொன்றும் வேறு புத்தகத்தில் தனியாகக் கிடக்குமாம், அடுத்த முறை சேர்க்கும் வரைக்கும். நான் உங்களுக்குத் தமிழில் சொல்ல வாயெடுக்க முந்தி உங்களுக்கு விளங்கிவிட்டது. ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஆள்தானே.

"ஓவரோல்," என்றீர்கள். "முழுச் சைக்கிளையும் கழட்டி, கழுவி, திருப்பிப் பூட்டினால் அது ஓவரோல். பஞ்சர் ஒட்டினால் அது வேறை. நாங்கள் ரெண்டையும் சைக்கிள் திருத்தினது எண்டுதானே சொல்லுவம். லோயர் கந்தோர் அன்ரி பஞ்சரைச் சொன்னவ. நாங்கள் ஓவரோலிலை தேடியிருக்கிறம்."

"நான்தான் இதுதான் எண்டு சொன்னனான்."

"நீ என்ன செய்வாய், டிக்சனரியே அப்பிடிச் சொல்லுது. வாசி கெதியா."

வாசித்தேன். அகதியென்று ஏற்கப்பட்ட ஆள், தனக்கும் தன் குடும்பத்தாருக்கும் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தார் என்ற இடத்தில் நீங்கள் விரலை வைத்தீர்கள், எடுக்கவில்லை. ஆனால் நாள் இல்லை. அங்கேயும் அதே மாதிரி, அதற்கென்று வைத்த காலத்துக்குள் என்றுதான் இருந்தது. வைத்த என்ற இடத்தில் இருந்த 'பிறிஸ்கிறைப்' என்ற சொல்லைத் தேடினேன். "மருத்துவர் மருந்து எழுதிக் கொடு" என்று இருந்தது.

"டொக்டரிட்டையும் போகவேணுமோ?" என்று கேட்டீர்கள். பகிடி இல்லை. உண்மையாகத்தான் கேட்டீர்கள்.

மணி நாலேகால். அந்தப் பெண் தலையை ஆட்டினா. நாள் கணக்குச் சட்டத்தில் இருக்காதாம். சட்டம், ஒரு காலம் வைக்கப்படும் என்று மட்டும் சொல்லுமாம். எத்தனை நாள் என்பது ஒழுங்குவிதிகளில் இருக்குமாம். அது வேறு அலுமாரி. அங்கேயும் இதே கதைதான். முதலில் தடித்த புத்தகங்கள், சட்டப் புத்தகத்தை விடப் பழையவை. அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் அரசாங்க கசற் என்கிற மெல்லிய அரசிதழ்ப் புத்தகங்களில். அவை அடுக்கடுக்காக, நூற்றுக்கணக்கில். இதற்குள் ஒரு எண்ணைத் தேடி எடுக்க ஒரு மாதம் வேணும்.

அவ ஒரு அட்டவணையை எடுத்து விரலால் கீழே ஓட்டினா. ஒரு கசற்றை எடுத்தா. இது இல்லை என்று வைத்தா. இன்னொன்று. விளக்குகளை ஒரு பக்கமாக அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் இன்னும் பதினைந்து நிமிடம் என்று சொன்னார்கள். நீங்கள் கதிரையின் விளிம்பில் இருந்தீர்கள். நாலாவது கசற்றில் அவ நிறுத்தி, பென்சிலால் ஒரு எண்ணைக் காட்டினா.

நீங்கள் கடிதத்தின் திகதியில் இருந்து விரல் கணுக்களில் எண்ணினீர்கள். ஒரு தரம். பிறகு நான் எண்ணினேன். கடிதம் எழுதின நாளைச் சேர்ப்பதா விடுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எப்படி எண்ணினாலும் செவ்வாய்க்கிழமையைத் தாண்டவில்லை.

இடையில் ஞாயிறு, திங்கள். திங்கட்கிழமை அரசாங்க லீவு, கந்தோரும் பூட்டு, போஸ்ற் பண்ணவும் ஏலாது; செவ்வாய் கையில்தான் கொண்டுபோக வேணும். வெளியே வந்து படியில் நின்றபோது, நீங்கள் அந்தத் திருத்தக் கடிதத்தைக் கோட்டுப் பையில் இருந்து எடுத்தீர்கள். முத்திரை ஒட்டி, உறையும் ஒட்டியிருந்தது. "உதை நேற்றே போட்டிருந்தால் நான் பதிலைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பன்," என்றீர்கள். கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போம் நிரப்பினோம். ஒன்பதாம் மாடி அங்கிளிடம் போம் இருந்தது, வாங்கப் போனோம். குடும்பத்தின் விபரம் என்ற பெட்டியில் அவர் பேனையை வைத்துக் கோடு போடப் பார்த்தார்.

"இதை வெறுமையா விடும். சொல்லுறதைக் கேளும்."

நீங்கள் அவர் கைக்கு மேலே உங்கள் கையை வைத்தீர்கள். லைப்ரரியில் நான் பார்த்து எழுதின தாளை முன்னால் வைத்தீர்கள். அங்கிள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நாற்பத்தாறு புள்ளி பூச்சியம் நாலோ. உப்பிடி ஒண்டு இருக்கெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லையே."

"ஒருத்தருக்கும் ஆரும் சொல்லேல்லை அங்கிள்."

"சரி போடும். பேந்து வந்து என்னைக் குறை சொல்லப்படாது." பேனையை உங்களிடம் தந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளையின்ரை பிறந்த திகதியைச் சரியா எழுதும். மாதம் முதலோ நாள் முதலோ எண்டு பாரும். அதிலைதான் எங்கடை ஆக்கள் கவிழுறவை," என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். நீங்கள் மாற்றித்தான் எழுதப் பார்த்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. கந்தோர் திறக்க முன்னமே வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேர் இருக்கும். உங்கள் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. யன்னலுக்குப் பின்னால் ஒரு ஒபிசர். போமைப் புரட்டினார். குடும்பப் பெட்டியில் நின்றார். மனைவி கனடாவில் இருக்கிறாவோ என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். இல்லை என்றீர்கள். அவர் போமை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு பத்து நிமிடம் இருக்கும். நீங்கள் அந்த யன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பின்னால் நின்றவர்கள் புறுபுறுத்தார்கள். "அவையின்ரை பேரை வெட்டச் சொன்னால் என்ன செய்யிறது?" என்று கேட்டீர்கள். "வெட்ட விடாதேங்கோ," என்றேன். என் வாயால்தான் அது வந்தது. அதை நான் சொன்னேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் நித்திரை கொண்டிருக்கிறேன்.

ஒபிசர் வந்தார். கடைசித் தாளில் அன்றைய திகதியை முத்திரையாகக் குத்தி, ஒரு பிரதியைத் தள்ளினார். மூன்று பேருடைய பேரும் அதில் இருந்தன. வெளியே வந்து ஸ்றீற்காருக்கு நின்றோம். ஏறி இருந்த பிறகு, "பசிக்குது," என்று மட்டும் சொன்னீர்கள்.

அங்கிள் சொன்ன மாதிரி இழுபடத்தான் செய்தது. இரண்டு வருசத்துக்கு மேலே. ஆனால் வந்தார்கள். விமான நிலையத்தில் பிள்ளை அண்ணியின் சட்டைக்குப் பின்னால் நின்று உங்களைப் பார்த்து, "இந்த அங்கிள் ஆர்?" என்று கேட்டாள். நீங்கள் குந்தி இருந்து, "நானும் அதைத்தான் யோசிக்கிறன் அம்மா," என்றீர்கள். பிறகு வோபர்னில் வீடு எடுத்துப் போனீர்கள். எனக்கு ஒரு அறை வைத்தீர்கள். அண்ணிதான் முதலில் என் பாயைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டில் வாங்கச் சொன்னார். நான் பயந்ததெல்லாம் இவரைப் பார்த்தோ என்று வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டரை வருசம். போன வருசம் ஒரு காலைப்பொழுதில், வேலைத்தலத்தில் நின்றபடியே விழுந்தீர்கள். இருதயம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போக முன்னமே முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது. அன்றைக்குக் காலையில் உங்களோடு நான் கதைத்தது, பாலை ஏன் வெளியில் வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்பது.

செத்த வீட்டில் அண்ணி உங்களுக்கு வாய்க்கரிசி போட்டார். பிள்ளை தன் கையால் பூ வைத்தாள். ஒரு பூ வைத்துவிட்டு, காணாது என்று திரும்பி வந்து இன்னும் ஒன்று வைத்தாள். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். நான் அழவில்லை. அந்தச் செவ்வாய் தப்பியிருந்தால், இந்த இடத்தில் நான் தனியே நின்றிருப்பேன், இவர்கள் ரெலிபோனில் அந்த லொட்ஜின் ஒரு மூலையில் இதைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு ஒரு படமும் ஒரு கண்ணாடியும்தான் அப்பாவாக இருந்திருக்கும். இப்போது அவளுக்கு உங்கள் குரல் தெரியும். நீங்கள் சப்பாத்துக் கயிறு கட்டும்போது போடுகிற மூச்சுத் தெரியும். தன் சைக்கிளுக்கு நீங்கள் ஒட்டின பஞ்சரை யாரையும் தொட விடமாட்டாள்.

அண்ணி, அந்த வெள்ளிக்கிழமையை இப்போது வாசித்துவிட்டீர்கள். வெட்டுவதென்றால் வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் எனக்குப் பாரம் குறையும். என்னோடு கோபம் என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இந்த மலரைக் கையில் எடுக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ சேர்ச்சுக்குப் போகிறவர்களோ எனக்குத் தெரியாது. எங்கே விளக்குக் கொளுத்தினாலும், எங்கே முழந்தாளில் இருந்தாலும், எங்கள் சின்னண்ணைக்காக ஒரு நிமிடம் மன்றாடுங்கள். அந்த ஆத்மா இனி எந்த வரிசையிலும் நிற்காமல் ஆறுதலாக இருக்கட்டும் என்று கேளுங்கள்.